மேளச்சமாவும் மெய்நிகர்க் கண்ணாடியும்

கடந்த வைகாசியில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் நடந்த மேளச்சமாவை, அதாவது நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த இரவுக் கச்சேரியை, எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்யும் உள்ளங்கையளவு கமெரா ஒன்றினால் எடுத்தேன். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த தங்கையின் கணவர் கொண்டுவந்த கமெரா அது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் காரணமாகத் தங்கையால் வர முடியவில்லை, அவளுக்காகத்தான் எடுத்தோம். அவர் திரும்பிச் சென்றபின், தன் வீட்டு இருக்கையறையில், தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்பும் மெய்நிகர்த் தலையணியை (VR) முகத்தில் மாட்டிக்கொண்டு அவள் அதைப் பார்த்தாள். நேரில் இருந்து இசை கேட்டுப் பழகிய ஒருவரை இந்தக் கருவி ஈர்க்குமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. ஈர்க்கும் என்றே இப்போது நம்புகிறேன். ஆனால் அதை உருவாக்குவோர் மேடையைக் காட்டி ஈர்க்கப் பார்க்கிறார்கள், என் தங்கையை ஈர்த்ததோ மேடைக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது.

எங்கள் ஊர், இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் பாயும் ஊர்களில் ஒன்று. சுவாமி வெளிவீதி சுற்றி வந்து இருப்பிடம் சேர்ந்தபின், இரவு பத்து மணிக்கு மேல் சமா தொடங்கும். இரண்டு நாதஸ்வரம், நான்கு தவில், சுருதி பிடிக்கும் ஒத்து, தாளம். ஆசன வரிசை கிடையாது. முன்னிருக்கை, பின்னிருக்கை என்ற பிரிவும் கிடையாது. பாய் கொண்டுவந்தவர்கள் பாயிலும் மற்றவர்கள் மணலிலுமாகக் கலைஞர்களைச் சுற்றி அமர்கிறோம். தாளம் தெரிந்த முதியவர்கள் வழக்கமாக ஒரே பக்கத்தில் ஒன்றுசேர்ந்து இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள், அவர்களின் மடியில் பாதித் தூக்கத்தில் பிள்ளைகள், அதற்கும் அப்பால் கச்சான் (வேர்க்கடலை) கடைகளின் வெளிச்சம். நல்ல தவில்காரர் முதல் அரை மணி நேரத்துக்குள் அந்தக் கூட்டத்தில் யாருடைய கை சரியான இடத்தில் விழுகிறது என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் அவர் வாசிப்பது பெரும்பாலும் அந்தக் கைக்காகத்தான். தவில்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கணக்கு நீண்டு, இவர் எங்கே கொண்டுபோய் முடிக்கப் போகிறார் என்று நாமெல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும்போது, கோர்வை என்ற முடிப்புக் கணக்கு முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழுகிற அந்தக் கணத்தில், தவில்காரரின் கண் எதிரே இருக்கும் ஒரு முதியவரின் கண்ணைச் சந்திக்கும். அந்தச் சந்திப்பு இல்லாத இரவுகளில் இதே கலைஞர்கள் வேறு மாதிரி வாசித்ததையும் நான் கேட்டிருக்கிறேன்.

இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, பிறநாடுகளில் இசைக்காக மெய்நிகர்க் கருவியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று தேடிப் படித்தேன். 2015இல் லொஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழு, குஸ்தாவோ டுடமெல் நடத்திய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் ஒரு பகுதியை மெய்நிகர்க் காணொளியாக்கி, தலையணிகளை ஒரு வாகனத்தில் ஏற்றி, இசையரங்கத்துக்கு வராத மக்கள் வாழும் பகுதிகளுக்கும் பூங்காக்களுக்கும் கொண்டுசென்றது. எனக்கு மிகவும் பிடித்த முயற்சி இதுதான், ஏனெனில் வர முடியாதவரைத் தேடிப் போன முயற்சி இது. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் தன் இசைத்தொகுப்பு ஒன்றை முழுமையாகவே மெய்நிகர் வடிவில் 2019இல் வெளியிட்டார். வணிகமாகச் செய்தவர்களின் கதை அவ்வளவு நல்லதாக இல்லை. நேரடி நிகழ்ச்சிகளைத் தலையணிக்கு அனுப்பிவந்த நெக்ஸ்ட்விஆர் நிறுவனம் 2020இல் ஆப்பிளுக்கு விற்கப்பட்டது. பெரும் பாடகர்களின் கச்சேரிகளைப் பதிவுசெய்து வந்த மெலடிவிஆர், அதே ஆண்டில் நாப்ஸ்டர் என்ற இணைய இசைச் சேவையை வாங்கியபின் தன் மெய்நிகர்ச் சேவையையே கைவிட்டது. மெய்நிகர்க் கச்சேரிகளுக்காக 2016இல் தொடங்கிய வேவ் நிறுவனமும் தலையணியை விட்டு விலகி, சாதாரணத் திரைக்கு வந்தது.

இவற்றுக்கு நேர்மாறாக, 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பாடகர் ட்ராவிஸ் ஸ்கொட், ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டுக்குள் நடத்திய பத்து நிமிட நிகழ்ச்சியின் முதற் காட்சியில் 1 கோடியே 23 இலட்சம் பேர் ஒரே நேரத்தில் இருந்தார்கள். அதற்குத் தலையணி தேவைப்படவில்லை; கைபேசியிலோ கணினித் திரையிலோ பார்த்தார்கள். பாடகரின் உருவம் அதில் வெறும் வரைகலைதான். அவ்வளவு பேர் ஏன் கூடினார்கள் என்று யோசித்தால், தங்கள் நண்பர்களும் அதே வேளையில் அங்கே இருந்து, அருகில் ஓடியும் குதித்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. மேடையை மிகத் தெளிவாகக் காட்டிய நிறுவனங்கள் தோற்றன. மேடையைச் சித்திரமாக வரைந்துவிட்டுக் கூட்டத்தைச் சேர்த்துவைத்தது வென்றது.

ஆனாலும் கருவிகள் வளரும் திசை மேடையை நோக்கியே இருக்கிறது. 2024 பெப்ரவரியில் 3,499 டொலர் விலையில் வந்த ஆப்பிள் விஷன் புரோ தலையணிக்கென எடுக்கப்படும் காணொளிகள், மெக்சிகோ நகரில் பதிவாகி 2025 மார்ச்சில் வெளியான மெட்டாலிக்கா ராக் இசைக்குழுவின் கச்சேரி உட்பட, 180 பாகை கொண்டவை. அதாவது முன்னால் உள்ள அரைவட்டம் மட்டும். இதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணம் உண்டு. இரண்டு கண்களுக்கும் தனித்தனிப் படம் கொடுத்தால்தான் ஆழம் தெரியும். அரைவட்டத்தில் அதைச் செய்வது எளிது, கிடைக்கும் தெளிவு முழுவதையும் முன்பக்கத்துக்கே செலவிடலாம். எங்கள் கையில் இருந்ததைப் போன்ற சிறிய முழுவட்டக் கமெராவில் முதுகோடு முதுகாக இரண்டு வில்லைகள் மட்டுமே இருக்கும். அது எடுக்கும் படம் ஒரு கோளத்தின் உட்புறத்தில் ஒட்டிய தட்டையான படம், அதில் ஆழம் கிடையாது. மேற்கத்திய இசையரங்கத்துக்கு அரைவட்டம் போதும், ஏனெனில் அங்கே முதுகுப்புறத்தில் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை என்று கருதப்படுகிறது. நான்கு பக்கமும் மக்கள் சூழ்ந்து நிற்க வெளிவீதியில் நகரும் மேளத்துக்கோ, மட்டக்களப்பில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் ஆடப்படும் கூத்துக்கோ, அரைவட்டம் பாதியை வெட்டி எறிந்ததற்குச் சமம்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் முயற்சி பெரும்பாலும் தோற்றது அங்கேதான். தலையைத் திருப்பினால் ஏறத்தாழ 20 மில்லி விநாடிக்குள் படமும் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் தலைசுற்றும் என்பார்கள்; இன்றைய கருவிகள் அதைச் சாதித்துவிட்டன. காதுக்கும் அதே நேர்மை வேண்டும். இடப்பக்கம் இருந்த தவில், நாம் இடப்பக்கம் திரும்பினால் நேரெதிரே கேட்க வேண்டும். நான்கு ஒலிவாங்கிகளை நான்முகியின் முகங்களைப் போல அமைத்து எல்லாத் திசை ஒலியையும் பிடிக்கும் முறை, 1970களில் பிரித்தானியாவில் மைக்கேல் ஜெர்சன் முதலானோரால் உருவாக்கப்பட்டது. அம்பிசொனிக்ஸ் என்று பெயர். மெய்நிகர்க் கருவி வந்தபின்தான் அந்தப் பழைய அறிவுக்குப் புதிய வேலை கிடைத்தது. எங்களிடம் அப்படிப்பட்ட ஒலிவாங்கி இருக்கவில்லை. கமெராவோடு சேர்ந்த சிறிய ஒலிவாங்கி, தவிலின் முதல் அடியிலேயே மிரண்டு, தன் அளவைத் தானே தாழ்த்திக்கொண்டது. அடி ஓய்ந்த இடைவெளிகளில் மீண்டும் அளவைக் கூட்டியபோது, ஒத்துக்குப் பதிலாகத் தொலைவில் ஓடிய ஜெனரேட்டரின் இரைச்சல் முன்னால் வந்தது. நாதஸ்வரம் ஒவ்வொரு தவிலடிக்கும் மூழ்கி எழுந்தது. நாதஸ்வரக்காரர் அன்று அவ்வளவு நிதானமாக விரித்த தோடி ராகம் இப்படிச் சிதைந்ததைக் கேட்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

மறுநாள், தவில் வாசித்தவர்களில் மூத்தவர் எங்கள் வீட்டுக்கு வந்து தலையணியை மாட்டிப் பார்த்தார். தான் வாசித்ததைக் கேட்போர் இருக்கும் இடத்திலிருந்து அவர் பார்த்தது வாழ்நாளில் அதுவே முதல் தடவை. முதலில் தன் வலக்கை விரல்களைக் கூர்ந்து பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, “காதுக்கு வருது தம்பி, நெஞ்சுக்கு வரேல்லை” என்றார். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழி விழும்போது எழும் தாழ்ந்த அதிர்வு, எதிரே இருப்பவரின் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். காதோரம் இருக்கும் சிறு ஒலிபெருக்கிக்கு அந்த ஆற்றல் கிடையாது. அதிர்வைத் தரும் அங்கிகள் விற்பனையில் உண்டு. ஆனால் அரைக் கிலோ எடையுள்ள தலையணியை வைகாசி வெக்கையில் முகத்தில் கட்டி, அதன் மேல் அங்கியும் அணிந்து, விடியும்வரை நீளும் சமாவை ஒருவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. தலையணியின் மின்கலமும் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

அப்படியிருந்தும் தங்கை அந்தப் பதிவை நான்கு தடவை பார்த்தாள்.

முதல் தடவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னை அழைத்தாள். கலைஞர்களைச் சில நிமிடங்கள் பார்த்திருக்கிறாள். பிறகு, மணலில் இருக்கும்போது செய்வதைப் போல, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் திரும்பியிருக்கிறாள். “அண்ணா, அம்மா எனக்குப் பின்னாலை இருக்கிறா” என்றாள். அதன்பின் அவளால் பேச முடியவில்லை. கமெராவுக்குப் பின்னால், மூன்றாவது பாயில், அம்மா கச்சான் கோதுகளை மடியில் சேர்த்தபடி, பக்கத்து வீட்டு அக்காவோடு ஏதோ சொல்லிக்கொண்டு, இடையிடையே தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எடுக்கும்போது எனக்கு அது தெரியாது. கலைஞர்கள் படத்துக்குள் சரியாக விழுகிறார்களா என்பதை மட்டுமே நான் பார்த்திருந்தேன். கைபேசியில் கிழமைக்கு மூன்று தடவை அம்மாவின் முகத்தைப் பார்ப்பவள்தான் அவள். ஆனால் கைபேசியில் அம்மா எப்போதும் அவளை நோக்கியே இருப்பார், அவளுக்காகவே பேசுவார். தன்பாட்டில் இசை கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவை அவள் பார்த்துப் பதினொரு வருடங்கள் ஆகின்றன. 180 பாகைக் கருவியில் எடுத்திருந்தால், எவ்வளவு தெளிவாக எடுத்திருந்தாலும், அந்த அம்மா அதில் இருந்திருக்க மாட்டார்.

இதை இசையின் ஈர்ப்பு என்று சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சொல்லலாம் என்றே நினைக்கிறேன். நேரில் இசை கேட்கப் போகிறவர் இசையை மட்டும் கேட்கப் போவதில்லை. அதைக் கேட்கும் மற்றவர்களோடு இருக்கவும் போகிறார். ஆனால் கூட்டம் மட்டும் போதாது. கனடாவின் ஹமில்ற்றனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில், அளவிடும் கருவிகள் பொருத்திய இசையரங்கு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பாடகரை ஒரு கூட்டத்தினர் நேரில் கேட்டார்கள். இன்னொரு கூட்டத்தினர் அவருடைய அதே பாடல்களின் பதிவைக் கேட்டார்கள். நேரில் கேட்டவர்களின் தலையசைவு தெளிவாகக் கூடுதலாக இருந்தது என்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. இரு சாராரும் ஒரே அரங்கில், பலரோடு சேர்ந்து இருந்தே கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரே இருப்பவர் இப்போதுதான் பாடுகிறார், நம்மைப் பார்க்கிறார் என்பதே உடலை அசைக்கிறது என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவள் என்னைப் பாத்திருக்கிறாள். நான் அவளைப் பாக்கேல்லையே” என்றார். இந்தக் கருவியின் பெருங்குறையை இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. தலையணிக்குள் இருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், அவரை ஒருவரும் பார்ப்பதில்லை. அவர் சரியான இடத்தில் தாளம் போட்டாலும் தவில்காரருக்கு அது போய்ச் சேராது. கணினியில் வரைந்த உருவங்களோடு நடக்கும் மெய்நிகர்க் கச்சேரிகளில் பார்ப்போர் ஒருவரையொருவர் காணலாம், கையசைக்கலாம். ஆனால் அங்கே இருப்பவை அம்மாவின் முகமும் எங்கள் கோயில் மணலும் அல்ல. இரண்டையும் சேர்ப்பவர் வரும்வரை இது பாதி வழியில் நிற்கும் கருவிதான்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் கசற் கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் நாடாவின் வேகம் குறையும், சுருதி இறங்கும். உடனே இன்னொருவர் கைமாற்றுவார். 1933 முதல் 1975 வரை வாழ்ந்த தவில் மேதை யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான், மாமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்திருக்க. நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட ஒருவரின் கையை அந்த நாடா எனக்குக் கொண்டுவந்து தந்தது. ஆகவே, பதிவு என்பது உயிரற்றது என்ற வாதத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. ஆனால் அந்தக் கசற்றும் ஒரு கூட்டத்தைச் சேர்த்தது. தலையணியோ ஒருவருக்கு மட்டும் உரியது. மாட்டியவுடன் பக்கத்தில் இருப்பவரை முதலில் மறைப்பது அதுதான். தங்கை அழுதபோது அவளுடைய பிள்ளைகள் அருகில் இருந்தும் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

எதிர்காலத்துக்கென வைத்துப்போகும் பதிவு என்ற வகையில் இதன் மதிப்பு எனக்கு ஐயமின்றித் தெரிகிறது. தெட்சணாமூர்த்தியின் ஒலி நம்மிடம் இருக்கிறது. அவருக்கு எதிரே இருந்து தாளம் போட்டவர்கள் எப்படி இருந்தார்கள், எந்த இடத்தில் அவர் யாரைப் பார்த்தார் என்பது இல்லை. வன்னியில் எங்களுக்கு அதைவிடவும் குறைவு. 2009இல் இடம்பெயர்ந்து போன வழியில் ஒளிப்படம், கசற் எல்லாவற்றையும் விட்டுத்தான் போனோம். போருக்கு முன் எங்கள் கோயில் வீதியில் சமா கேட்டவர்களின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர்களில் பலர் இன்று இல்லை. நந்திக்கடலோரம் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குத் திரளும் சனத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஓர் இரவை நடுவில் நின்று சுற்றிப் பார்க்கக்கூடியதாக யாராவது எடுத்துவைக்க வேண்டுமே என்று மனம் தவிக்கிறது.

அதற்கு முன் மக்களின் சம்மதம் வேண்டும். எங்கள் பகுதியில் கமெரா யாருக்கும் சாதாரணப் பொருளாக இருந்ததில்லை. யார் எடுக்கிறார்கள், எங்கே கொடுக்கிறார்கள் என்ற கேள்வியோடு நீண்ட காலம் வாழ்ந்த சனம் இது. முன்னால் நின்று எடுப்பவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எல்லாத் திசையையும் பார்க்கும் கருவியிடமிருந்து திரும்பிக்கொள்ள ஒரு திசை இல்லை. சென்ற முறை நான் கோயில் நிர்வாகத்திடமும் கலைஞர்களிடமும் மட்டுமே கேட்டேன், பாயில் இருந்தவர்களிடம் கேட்கவில்லை. அது தவறு.

இந்த வைகாசிக்கு ஆயத்தங்கள் நடக்கின்றன. கமெராவைக் கலைஞர்களுக்கு மிக அருகில் வைக்காமல், தாளம் போடும் முதியவர்களின் வரிசையில், பாயில் இருப்பவரின் கண்மட்டத்தில் வைக்கப் போகிறோம். ஒலியைத் தனியாகப் பிடிக்க ஒரு பதிவுக்கருவி இரவலாகக் கிடைத்திருக்கிறது. அதில் அளவைக் கையால் நிறுத்தி வைக்கலாம், தவிலுக்கு மிரளாது. சுற்றி இருப்பவர்களிடம் இம்முறை வீடுவீடாகப் போய்க் கேட்டிருக்கிறேன். இரண்டு குடும்பங்கள் வேண்டாம் என்றார்கள், அவர்கள் தேர்முட்டிக்கு அப்பால், படத்தில் முகம் தெரியாத தூரத்தில் இருப்பார்கள். மூத்த தவில்காரரிடம், அந்தக் கமெரா இருக்கும் இடம் யாருடையது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையாவது அங்கே பார்ப்பேன் என்று சொன்னார். அப்போதே நேரலையாக அனுப்ப முடியுமா என்று தங்கை கேட்டாள். இங்கே இரவு பதினொரு மணி என்றால் அங்கே பகல் ஒன்றரை, விடுப்பு எடுத்துக்கொள்வாளாம். திருவிழா இரவில் எங்கள் ஊரின் கைபேசிக் கோபுரம் ஒரு சாதாரண அழைப்பையே தாங்காது. தாங்கினாலும் தலையணி மறைத்த முகத்தைத்தான் அம்மாவுக்குக் காட்ட முடியும்.

அம்மாவை இம்முறை கமெராவுக்கு முன்னால் வந்து இருக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். தங்கை சிறுமியாக இருந்தபோது சமாவுக்கு வந்தால் எப்போதும் தனக்கு முன்னால்தான் இருப்பாளாம், நித்திரை வந்தால் அப்படியே பின்னால் சாய்வாளாம். ஆகவே அந்தக் கருவிக்கு நேர் பின்னால்தான் தன் பாய் என்கிறார். கமெராவுக்கு மிக அருகில் இருப்பவரின் உருவம் பிசகிப்போகும் என்பதால், இடையில் ஒரு பாயின் அகலம் வெறுமையாக விட வேண்டும் என்று விளக்கினேன். அதில் வேறு யாரும் வந்து இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றார்.